தெரிந்ததை எழுதக் கூடாது

குடிநீர் நிலையத்தின் சோதனை அறையில் பதினேழு பாட்டில்கள் இருந்தன. பழுப்புக் கண்ணாடி, தேய்ந்த மூடி, கழுத்தில் ரப்பர் பட்டை. ஒரு பட்டை போட்டிருந்தால் நீர்த்த அமிலம். மூன்று பட்டை என்றால் அதே அமிலத்தின் வீரியமான சரக்கு. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நீர் சேர்த்துத்தான் ஒரு பட்டையைத் தயாரிப்பார்கள். இரண்டு பட்டை, நீரின் கடினத்தன்மை பார்ப்பதற்கு. சிவப்புப் பட்டை என்றால் தீப்பிடிக்கும், தள்ளி வை என்று பொருள். இந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஈரக்கையும் அமிலப் புகையும் காகித லேபிள்களை ஆறு மாதத்தில் தின்றுவிடும், ரப்பர் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதனால் வந்திருக்க வேண்டும்.

அந்த அறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் சோதனையக்கா என்றே கூப்பிட்டார்கள். பாட்டில் கழுவத்தான் சேர்ந்தார். மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் படித்தவர், தமிழில். கழுவிக்கொண்டே பக்கத்தில் நடப்பதைப் பார்த்தார். முன்னால் இருந்த சோதனையாளர் ஓய்வு பெற்றபோது வேறு ஆள் போடவில்லை, இவரையே மேசையில் உட்காரச் சொன்னார்கள். அவரைப் பெரிய திறமைசாலி என்று சொல்வது மிகையாகிவிடும். கணக்கில் தடுமாறுவார். புதிய கருவி வந்தால் இரண்டு வாரம் அதன் பக்கமே போக மாட்டார். ஆனால் ஆறு கண்ணாடி ஜாடிகளில் ஆற்று நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்கி நிறுத்தினால், எந்த ஜாடியில் அழுக்கு சேர்ந்து நன்றாகப் படியும் என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்குக் கொஞ்சம் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிச் சேரும் அழுக்குத் திரளுக்கு அந்த அறையில் பெயர் பஞ்சு. "பஞ்சு விழுந்துடுச்சு" என்று அவர் சொன்னால் படிகாரக் கூடத்தில் அந்த அளவைப் போடுவார்கள். ஊர் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

அந்த மேசைதான் அவருக்கு எல்லாம் என்று சொன்னால் அவரே சிரிப்பார். கணவர் இருக்கிறார், வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள். ஆனாலும் காலையில் அறையைத் திறந்து, துளித்துளியாக அமிலம் விடும் ப்யூரெட்டைக் கழுவித் தாங்கியில் மாட்டி, முதல் மாதிரி நீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது அவர் யாருடைய மனைவியும் இல்லை, யாருடைய தாயும் இல்லை. அந்த நிலை எல்லோருக்கும் வாழ்க்கையில் கிடைத்துவிடுவதில்லை.

ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு முதல் தேதியிலிருந்து, தினசரி நீர்ச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுபவர் ஓராண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். படிப்பு ஆங்கிலத்தில். அதில் சேர, கல்வி ஆங்கிலத் தேர்வு ஒன்றில் பத்துக்கு ஆறு வாங்க வேண்டும். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. அறிவியல் பொருளில்தான் பெரும்பாலும் கேட்பார்கள்.

பொறியாளர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். முப்பத்திரண்டு வயது, நிலையத்துக்கு வந்து நான்கு வருடம். கெட்ட மனிதர் இல்லை.

"ஏம்மா, உங்களை எடுக்கணும்னு யாருக்கும் ஆசையில்லை. ஆனா ரூல் வந்துடுச்சு. ஆறு வாங்கிட்டீங்கன்னா மேசை உங்களோடது. இல்லேன்னா வால்வு ரூம்ல ஒரு இடம் காலியாகுது, அங்க போட்டுடலாம். சம்பளம் குறையாது."

"சம்பளத்தை யார் சார் கேட்டா?" என்றார் சோதனையக்கா.

மதிய ஷிப்டில் அதே மேசைக்கு வருபவருக்கு மூணேகால் என்று பெயர். மூன்று மணி ஷிப்டுக்கு ஒரு நாளும் மூன்று மணிக்கு வந்ததில்லை. அவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது, அதனால் தேர்விலிருந்து விலக்கு. வயதில் மூத்தவர் என்றாலும் எல்லோரையும்போல் அவரும் அக்கா என்றே கூப்பிடுவார், சோதனையக்கா உரிமையோடு நீ, வா என்பார்.

"அக்கா, நீங்க பரீட்சை எழுதுங்க. நான் உங்க பக்கத்துல உக்காந்து விசிறி விடறேன்" என்றார்.

"நீ முதல்ல மூணு மணிக்கு வா. அதைவிடப் பெரிய பரீட்சை உனக்கு இல்ல."

பயிற்சி நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போது ரப்பர் வாசனை. வகுப்பில் ஒன்பது பேர். எட்டுப் பேரும் இருபதைச் சுற்றிய வயதில் வெளிநாடு போகப் போகிறவர்கள். சொல்லிக்கொடுத்தது அவர் மகள் வயதுள்ள ஒரு டீச்சர். முதல் நாள் ஒவ்வொருவரும் எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நீங்க எங்கக்கா போறீங்க?"

"எங்கயும் போகல டீச்சர். இருக்கிற இடத்துலயே இருக்கணும், அதுக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவைக்காகச் சொன்னார் என்று நினைத்துவிட்டார்கள்.

வேதியியல் சொற்களுக்கு டீச்சர் நான்கு பக்கப் பட்டியல் ஒன்று கொடுத்தாள். அதைப் பார்த்ததும் சோதனையக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. இதெல்லாம் தெரிந்த சங்கதிதானே. வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுதியபோதுதான் நிம்மதி குறைய ஆரம்பித்தது. தமிழில் கரைப்பான் என்றால் கரைக்கிறது. கரைபொருள் என்றால் கரைந்துபோகிறது. பெயரைக் கேட்டதுமே அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். சால்வன்ட், சால்யூட் என்று அந்தப் பக்கத்தில் இருந்த இரண்டும் ஒரே சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. எவன் கரைக்கிறவன், எவன் கரைகிறவன் என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. தெவிட்டிய கரைசல் என்றால், இதற்கு மேல் வேண்டாம் என்று தண்ணீர் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. சாச்சுரேட்டட் என்ற சொல்லில் அவருக்கு எந்த முகமும் தெரியவில்லை. ஆங்கிலத்தோடு பிறந்தவருக்கு அதிலும் ஒரு முகம் தெரியலாம். குறை சொல்லில் இல்லை. நாற்பத்துமூன்று வயதில் ஒருவருக்கு ஒரு சொல்லை அறிமுகம் செய்துவைக்கலாம், உறவாக்கித் தர முடியாது.

கணவர் லிப்ட் மெக்கானிக். காலையில் வேலைக்குப் போகும் முன், சொற்களை எழுதிய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"ரெசிட்யூ?"

"வடிகட்டினா தாள்ல தங்கறது."

"ஃபில்ட்ரேட்?"

"கீழ இறங்கறது."

"ரியேஜென்ட்?"

"அது… வினை நடக்கறதுக்காக நாம சேர்க்கற சரக்கு."

"இப்படியா எழுதப் போற? சரக்குன்னா எனக்குப் புரியுது, அவங்களுக்குப் புரியணுமே."

"உங்களுக்கு அதுதானே புரியும்."

"என் தொழில்ல பாரு, ரெண்டே வார்த்தை. மேல, கீழ. நடுவுல நின்னுட்டா மூணாவது வார்த்தை ஒண்ணு இருக்கு, அதை வீட்டுல சொல்ல முடியாது."

அவர் சிரிக்கவைக்கத்தான் பார்த்தார். சோதனையக்காவும் சிரித்தார். ஆனால் சொன்ன மூன்றிலும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது மாதம் டீச்சர் ஒரு மாதிரித் தேர்வு வைத்தாள். ஒலிப்பதிவில் ஒருவர் ஒரு சோதனையை விளக்குவார். கேட்டபடி கோடிட்ட இடங்களை நிரப்ப வேண்டும். எந்தச் சூட்டில் அந்த நீரைக் கொதிக்கவைத்தார்கள் என்று ஒரு கேள்வி. சோதனையக்கா நூறு என்று எழுதியிருந்தார். ஒலிப்பதிவில் எண்பது என்று இருந்தது. காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்த கலத்தில் செய்த சோதனை.

"அக்கா, தண்ணி எப்பக் கொதிக்கும்னு உங்களை யாரும் கேக்கல. அவர் என்ன சொன்னார்னுதான் கேக்கறாங்க."

"கேட்டேன் டீச்சர். எண்பதுன்னு காதுல விழுந்துச்சு. அவர் தப்பா சொல்றாரோன்னு நினைச்சேன்."

"தப்பாவே சொல்லட்டும். கேட்டதை எழுதணும். தெரிஞ்சதை எழுதக் கூடாது."

இந்த வாக்கியத்தை அவர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டார். தமிழில்தான்.

தெரிந்ததுதான் தனக்குத் தடை என்று அவர் முடிவுக்கு வந்தது அப்போதுதான். மேசையிலும் அதேதான் நடக்கிறது என்று கவனித்தார். பாட்டிலை எடுக்கும்போது கை ரப்பரைத் தடவிப் பார்த்து எடுத்துவிடுகிறது, கண்ணுக்கு வேலையே இல்லை. சொல் எங்கிருந்து பதியும்? ஒரு திங்கட்கிழமை, பதினேழு பாட்டில்களுக்கும் ஆங்கிலத்தில் லேபிள் எழுதி ஒட்டினார். எழுத்து அழகாகவே இருந்தது. பிறகு ரப்பர் பட்டைகளை எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். பாட்டில்களை இடம் மாற்றி அடுக்கினார். காலை ஷிப்ட் முழுக்க லேபிளைப் படித்துப் படித்தே எடுத்தார். மூன்று மணிக்கு முன் பட்டைகளைத் திரும்ப மாட்டி, பாட்டில்களைப் பழைய வரிசையில் வைத்துவிடுவார். மூணேகால் வரும்போது எல்லாம் இருந்தபடி இருக்கும்.

மூன்று வாரம் இது நன்றாகவே நடந்தது. டைல்யூட், கான்சன்ட்ரேட்டட், பஃபர், இண்டிகேட்டர் எல்லாம் கண்ணில் தங்க ஆரம்பித்தன. தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை இரண்டே முக்காலுக்குப் பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். தேர்வு விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படம் சரியில்லையாம், உடனே வேறு கொடுக்க வேண்டுமாம். சோதனையக்கா பட்டைகளை அவசரமாக மாட்டிவிட்டு ஓடினார்.

மூணேகால் அன்று மூன்று இருபதுக்கு வந்தார். காரத்தன்மை சோதனை செய்ய ஒரு பட்டை பாட்டிலை எடுத்தார். லேபிள் இருந்ததா என்றால் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடமாக அவர் எந்த லேபிளையும் பார்த்ததில்லை. பட்டை மாறியிருந்தது, அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது வீரியமான அமிலம். நிறங்காட்டி சேர்த்த நீரின் மஞ்சள் நிறம் சில துளிகளிலேயே செம்மஞ்சளாகிவிட்டது. செலவான அமிலத்தை வைத்துத்தான் கணக்கு, அதனால் தாளில் காரத்தன்மை இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆற்றின் மேல்புறம் இரண்டு நாளாக மழை. மழைக்குப் பின் காரத்தன்மை இறங்குவது வழக்கம்தான். இந்த அளவுக்கு இறங்குமா என்று அவர் ஒரு நொடி யோசித்ததாகப் பிறகு சொன்னார். ஒரு நொடிதான். காரத்தன்மை இறங்கினால் பஞ்சு சேராது, அதை ஏற்றுவது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கூடத்துக்குப் போன் செய்து அளவைக் கூட்டச் சொன்னார்.

சாயங்காலம் ஊரில் குழாய்த் தண்ணீர் லேசாக வெளுத்து வந்தது. வாயில் வைத்தால் கசப்பு, சோப்பு நுரைக்கவில்லை. பதினோரு புகார்கள் வந்தன. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை சோதனையக்கா வீட்டுக் குழாயில் முகம் கழுவியபோதே ஏதோ தப்பு என்று உணர்ந்தார். மேசைக்கு வந்து முதலில் ஒரு பட்டை போட்ட பாட்டிலைத் திருப்பினார். அவர் கையெழுத்தில், அவருக்கு மிகவும் பிடித்த வளைவான எழுத்தில், கான்சன்ட்ரேட்டட் என்று இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை சோதனை அறையிலேயே நடந்தது. பொறியாளர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"லேபிள் எல்லாம் சரியா இருக்கே. இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. இதைப் படிச்சுட்டு எடுக்க மாட்டீங்களா?" என்று மூணேகாலிடம் கேட்டார்.

மூணேகால் சோதனையக்காவைப் பார்த்தார்.

இந்த இடத்தில் சோதனையக்கா பேசாமல் இருந்திருக்கலாம். லேபிள் சரி, படிக்காதவர் தவறு என்று அறிக்கை எழுதி முடித்திருப்பார்கள். பேசியதற்காக அவரைப் பெரிதாகப் புகழவும் வேண்டியதில்லை. பேசாமலிருந்தால் நாளை மூணேகாலோடு ஒரே மேசையில் எப்படி உட்காருவது என்பதுதான் அந்த நேரம் அவர் மனதில் ஓடியது.

"சார், அவர் மேல தப்பில்ல. ரப்பரை மாத்திப் போட்டது நான்தான்."

"எந்த ரப்பர்?"

இருவரும் அவரைப் பார்த்தார்கள். நான்கு வருடமாக இந்த அறைக்கு வந்துபோகும் மனிதருக்குப் பட்டைகள் கண்ணில் பட்டதே இல்லை. சோதனையக்கா விளக்கினார். ஒரு பட்டை, இரண்டு பட்டை, மூன்று பட்டை. சொல்லச் சொல்ல, கேட்பவரின் முகத்தில் அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது என்று அவருக்கே தெரிந்தது.

"அதாவது, இவ்வளவு வருஷமா ஊருக்குத் தண்ணி ரப்பர் பாண்டைப் பார்த்துப் போயிருக்கு."

"ஒரு தடவைகூடத் தப்பானதில்ல சார்."

"நேத்து?"

நேற்று தப்பானது ரப்பரால் இல்லை, நான் இங்கிலீஷ் படித்ததால் என்று சொல்ல முடியுமா? சொன்னாலும் அது முழு உண்மை இல்லை. அவசரமாக மாட்டிய கை அவருடையதுதான்.

"இதுக்குத்தாம்மா ரூல் போடறாங்க" என்றார் பொறியாளர், கோபமில்லாமல். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அன்றே பட்டைகளை எல்லாம் குப்பையில் போடச் சொன்னார். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அன்று பொறியாளர் போன பிறகு மூணேகால் பட்டைகளை எல்லாம் கழற்றி டப்பாவில் போட்டு, குப்பைத் தொட்டியில் கவிழ்த்தார். ஒரு பட்டையை மட்டும் எடுத்து விரலில் மாட்டிக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லியிருக்கணும்."

"நான் என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? இன்னிக்கு ரப்பர் இல்ல, பேரைப் படிச்சு எடுன்னு சொல்லியிருந்தா படிச்சுத் தொலைச்சிருப்பேன்."

"நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

"சிரிச்சிருப்பேன்தான்" என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. "சிரிச்சுட்டு, படிச்சிருப்பேன்."

அடுத்த வாரம் முழுக்க அவர் மூன்று மணிக்கே வந்தார். சோதனையக்காவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

தேர்வு ஒரு பெரிய கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. கணவர் கூடவே வந்தார். லிப்டில் ஏறியதும் வழக்கம்போல் மேற்கூரையைப் பார்த்து, "பெல்ட்டு தேஞ்சிருக்கு" என்றார். பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். வாசலில், "உனக்குத் தெரியாததா? தெரிஞ்சதை எழுதிட்டு வா" என்று சொல்லி அனுப்பினார். நோட்டின் முதல் பக்கத்தை அவர் பார்த்ததில்லை.

படித்தல் பகுதி பரவாயில்லை. எழுதுதலில் நேரம் போதவில்லை. பிறகு காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தார்கள். முதல் மூன்று ஒலிப்பதிவுகளில் அவர் தட்டுத்தடுமாறிப் பாதிக்கு மேல் பிடித்தார். நான்காவது, ஒரு விரிவுரை. பேராசிரியர் ஒருவர் நிதானமான குரலில் ஆரம்பித்தார். ஆறு ஜாடிகளில் ஆற்று நீர். படிகாரம். கலக்குதல்.

சோதனையக்காவின் முதுகு தானாக நிமிர்ந்தது. கணினித் திரையில் ஒரு படம்: ஆறு கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள், பத்துக் கோடிட்ட இடங்கள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஆங்கிலம் அவருக்குச் சத்தமாகக் கேட்காமல் அறையாகத் தெரிந்தது. கோயாகுலன்ட் என்று அவர் சொன்னபோது படிகாரக் கரைசலின் துவர்ப்பு நாக்கில் வந்தது. ஃபிளாக் என்றதும் பஞ்சு கண்ணெதிரே இறங்கியது. சந்தோஷத்தில் விரல்கள் ஓடின. முதலில் சுண்ணாம்பு. பிறகு படிகாரம். வேகமாக ஒரு நிமிடம் கலக்குதல். மெதுவாகப் பதினைந்து நிமிடம். அரை மணி படியவிடுதல். குரல் முடிக்கும் முன்பே அவர் பத்தையும் நிரப்பிவிட்டார்.

விரிவுரையின் கடைசி வாக்கியத்தைத்தான் அவர் உண்மையில் கேட்டார். வழக்கமான நடைமுறைக்கு மாறாக, என்றது குரல், இந்த ஆய்வில் சுண்ணாம்பைப் படிகாரத்துக்குப் பிறகே சேர்த்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒலிப்பதிவு நின்றது. சரிபார்க்க இரண்டு நிமிடம் என்று திரை சொன்னது.

அவர் முதல் இரண்டு கட்டங்களையும் அழித்து மாற்றிப் போட்டார். மற்றவை? மெதுவாகக் கலக்கியது எவ்வளவு நேரம் என்று சொன்னார்? பதினைந்து, எங்கள் நிலையத்தில் பதினைந்து. அவர் என்ன சொன்னார்? எத்தனை ஜாடிகளில் படிந்தது? கண்ணை மூடிக் குரலைத் திரும்பக் கேட்கப் பார்த்தார். குரல் இல்லை. சோதனை அறைதான் இருந்தது, ஜாடிகள் இருந்தன, தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. காதில் விழுந்த எதுவும் உள்ளே தங்கவில்லை. ஏற்கெனவே இருந்தது அதற்கு இடம் விடவில்லை. ஒன்றை அறிந்திருப்பது என்பது அதை இனிக் கேட்க முடியாமல் போவதுதானோ என்னவோ. பதினைந்தை அழித்தார். காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் முடிய நான்கு நொடி இருக்கும்போது மறுபடி பதினைந்து என்று போட்டார்.

பேசுதல் பகுதி மதியத்துக்கு மேல். எதிரே ஒரு அம்மாள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். சோதனையக்கா சொன்னார். வாக்கியம் நின்ற இடங்களில் கை தொடர்ந்தது. ப்யூரெட்டின் குழாயைத் திருகுவது, குடுவையை மணிக்கட்டால் சுழற்றுவது, துளி விழுவது எல்லாம் அந்த வெறும் மேசைக்கு மேல் நடந்தன. அந்த அம்மாள் கைகளைப் பார்த்துத் தலையசைத்தாள். ஒலிப்பதிவுக் கருவி மேசையில் சும்மா கிடந்தது.

முடிவு பதிமூன்றாம் நாள் வந்தது. ஐந்தரை.

டீச்சர் பகுதிவாரியாகப் பார்த்தாள். "லிஸனிங்தான் இழுத்துருச்சுக்கா. அதுல இன்னும் ஒரு மூணு கேள்வி வந்திருந்தா ஆறு. என்ன டாபிக் வந்துச்சு, கஷ்டமா?"

"தண்ணிதான் டீச்சர்."

"அடடா. அது உங்களுக்கு ஈஸியா இருந்திருக்கணுமே."

சோதனையக்கா மதிப்பெண் தாளை மடித்துப் பையில் வைத்தார். கீழே டயர் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி எழுதலாம், நான்கு மாதம் கழித்து. முதல் தேதிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பொறியாளர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், அவரால் முடிந்தது. பதிலில் சுற்றறிக்கையின் நகல் இணைக்கப்பட்டிருந்தது. "கொஞ்சம் முன்னாடி அந்த சுண்ணாம்பு விஷயம் வேற நடந்துடுச்சும்மா" என்றார். அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

"நாலு மாசம்தானே. மறுபடி எழுதி வாங்கிடு" என்றார் கணவர்.

"வாங்கினா? அதுக்குள்ள அங்க ஒருத்தர் உக்காந்திருப்பாரு. எழுந்திரின்னா சொல்வாங்க?"

கணவர் சொற்கள் எழுதிய சீட்டுகளை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். தூக்கிப் போட மனம் வரவில்லை.

புதிதாக வந்தவர் பட்டயம் முடித்தவர், அமைதியானவர், லேபிளைப் படித்துத்தான் எதையும் எடுப்பார். முதல் நாளே பழைய பாட்டில்களைக் கழித்துவிட்டு, அச்சிட்ட லேபிளுடன் புதிய பாட்டில்கள் வரவழைத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சோதனையக்காவிடம் மரியாதையாகவே பேசினார். சாவியை வாங்கும்போது, "ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்று கேட்டார்.

எதைச் சொல்வது? "சிங்க்கு குழாய் சொட்டும், இறுக்கி மூடணும்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வால்வு அறையில் எட்டுச் சக்கரங்கள், ஒரு நாற்காலி, ஒரு இன்டர்காம், ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே தொட்டிகளிலிருந்து வடிகட்டிக்குப் போகும் கால்வாய். நேரத்துக்கு நேரம் சக்கரத்தைத் திருப்பிப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டே பத்தி: மணி, எத்தனை சுற்று.

வினோதம் என்னவென்றால், சொற்கள் இப்போது தானாக வந்தன. தேர்வுக்காக அத்தனை காலைகள் கெஞ்சியும் வராதவை. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்தால் டெபாசிட். டீயில் நான்காவது ஸ்பூன் சர்க்கரை அடியிலேயே கிடந்தால் சாச்சுரேட்டட். இப்போது அந்தச் சொல்லுக்கும் ஒரு முகம் இருந்தது. துணி காயும் கொடியில் எவாப்பரேஷன். கணவரிடம் சொல்ல மாட்டார். அவர் இழுப்பறையைத் திறந்து, மறுபடி எழுதுகிறாயா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு நாள் காலை பதினொரு மணி. சோதனையக்கா ஒரு கண்ணாடித் தம்ளரில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழக்கம்தான், யாரும் கேட்கவில்லை. பஞ்சு சேரவில்லை. தூசியாக, பொடியாக, எங்கே போவது என்று தெரியாததுபோல் மிதந்துகொண்டிருந்தது. தம்ளரைக் கீழே வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். இறங்கவில்லை. இன்டர்காமை எடுத்தார்.

"தம்பி, வால்வு ரூம்லருந்து பேசறேன். ஃபிளாக் சரியா ஃபார்ம் ஆகல. ஆல்கலினிட்டி இறங்கியிருக்குமோன்னு தோணுது."

பஞ்சுக்கு ஃபிளாக், காரத்தன்மைக்கு ஆல்கலினிட்டி என்று இவ்வளவு ஆங்கிலச் சொற்களை ஒரே மூச்சில் அவர் தேர்வில்கூடச் சொன்னதில்லை.

"ரீடிங் எவ்வளவு மேடம்?"

"ரீடிங் இல்ல. தம்ளர்ல பார்த்தேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அவர் அலட்சியமாகப் பேசவில்லை, பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"காலையில எடுத்தது லிமிட்டுக்குள்ளதான் இருக்கு மேடம். அடுத்த சாம்பிள் மூணு மணிக்கு. அப்பப் பார்க்கறேன்."

"சரிப்பா."

அன்று அவர் சொன்னது சரியா என்று யாருக்கும் தெரியாது. மூன்று மணித் தாளிலும் எண்கள் எல்லைக்குள்தான் இருந்தன. புகார் எதுவும் வரவில்லை. நீருக்கும் கண்ணுக்கும் நடுவில் எத்தனையோ விஷயம் பொய் சொல்லலாம். வெளிச்சம் பொய் சொல்லலாம், பழைய பெருமை பொய் சொல்லலாம். மேசை இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேசை இல்லாதவருக்குத் தோன்றுவதுதான் மிச்சம்.

அவர் தம்ளரை ஜன்னலோரம் வைத்தார். சக்கரம் மூன்றைத் திருப்பும் நேரம் ஆகியிருந்தது. திருப்பினார். பதிவேட்டைத் திறந்து முதல் பத்தியில் மணியை எழுதினார், இரண்டாவதில் சுற்றை எழுதினார். மூன்றாவதாக ஒரு பத்தி இருந்தால் என்ன எழுதுவது என்று பேனா தாளின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுவிட்டு, தம்ளர் தெளிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.